வால்யூம் 50 என்றால் சத்தம் பாதியா? கணினியின் ஒலியளவைப் புரிந்துகொண்டு அமைக்க ஒரு வழிகாட்டி

விண்டோஸில் வால்யூமை 50-ல் வைப்பது, லினக்ஸில் 50-ல் வைப்பது, உலாவியில் ஓடும் வீடியோவின் ஸ்லைடரை நடுவில் நிறுத்துவது ஆகிய மூன்றும் ஒன்றல்ல. எண் ஒன்றுதான். ஆனால் ஸ்பீக்கருக்குப் போகும் மின்னழுத்தம் மூன்று விதமாக இருக்கும், காதில் விழும் சத்தமும் மூன்று விதமாக இருக்கும். ஸ்லைடரில் தெரியும் சதவீதம் ஒலியை அளந்து சொல்லும் அளவு அல்ல. ஸ்லைடர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. அந்த இடத்துக்கு எவ்வளவு ஒலி என்பதை மென்பொருளை எழுதியவர் முடிவு செய்து வைத்திருப்பார்.

இந்த ஒன்று பிடிபட்டால் பல தொல்லைகளுக்குக் காரணம் தெரிந்துவிடும். 10-க்குக் கீழே ஒன்றுமே கேட்காதது, 5-லிருந்து 8-க்குப் போனதும் திடீரென அலறுவது, 100-ஐத் தாண்டினால் கரகரப்பது, ஒரு செயலி மட்டும் எப்போதும் மெல்லிதாக ஒலிப்பது எல்லாமே இதோடு தொடர்புள்ளவை. கணக்கு கொஞ்சம் வரும். பெருக்கல் தெரிந்தால் போதும்.

வீச்சு, செறிவு, உரப்பு

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் "சத்தம்" என்கிறோம். வால்யூமைப் பற்றிப் பேசும்போது அதற்குள் இருக்கும் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது வீச்சு. கணினி உண்மையில் மாற்றுவது இதை மட்டும்தான். ஒலிக்கோப்பு என்பது ஒரு விநாடிக்கு 44,100 அல்லது 48,000 எண்கள் கொண்ட நீண்ட வரிசை. வால்யூமைக் குறைக்கும்போது அந்த எண் ஒவ்வொன்றும் 1-ஐ விடச் சிறிய ஓர் எண்ணால் பெருக்கப்படுகிறது. 0.5-ஆல் பெருக்கினால் அலையின் உயரம் பாதியாகும். ஸ்பீக்கருக்குப் போகும் மின்னழுத்தமும் காற்றில் எழும் அழுத்த மாற்றமும் அதே போலப் பாதியாகும்.

இரண்டாவது ஒலிச்செறிவு. ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியாக ஒரு விநாடியில் எவ்வளவு ஒலியாற்றல் கடக்கிறது என்பதே செறிவு. இது வீச்சின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே வீச்சு பாதியானால் செறிவு கால் பங்காகும். வீச்சு பத்தில் ஒன்றானால் செறிவு நூறில் ஒன்றாகும்.

மூன்றாவது உரப்பு, அதாவது நாம் உணரும் சத்தம். இதைக் கருவி நேராக அளக்க முடியாது. மனிதர்களைக் கேட்க வைத்து, "இது அதைப் போல எத்தனை மடங்கு?" என்று விசாரித்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த விதி: செறிவு 10 மடங்கானால் உரப்பு ஏறத்தாழ 2 மடங்குதான் ஆகிறது. அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஸ்மித் ஸ்டீவன்ஸ் 1936-ல் உரப்புக்கென்று சோன் என்ற அலகை முன்வைத்தார். 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் (இந்த அலகின் விளக்கம் அடுத்த பகுதியில்) ஒலித்தால் அது 1 சோன். 50 டெசிபல் 2 சோன், 60 டெசிபல் 4 சோன்.

காது ஏன் இப்படி? அது கையாளும் எல்லை அவ்வளவு பெரியது. 1000 ஹெர்ட்ஸில் நமக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலியின் செறிவு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வலி தரத் தொடங்கும் ஒலி சுமார் ஒரு வாட். இந்த லட்சம் கோடி மடங்கு வேறுபாட்டை அப்படியே உணர்ந்தால் மெல்லிய ஒலிகளைப் பிரித்தறியவே முடியாது. செவியும் மூளையும் சேர்ந்து அதைச் சுருக்கித் தருகின்றன.

மனப்பாடம் செய்ய வேண்டிய ஐந்து எண்கள்

மடங்குகளை வைத்துக்கொண்டு அல்லாடாமல் இருக்கத்தான் டெசிபல். பெருக்கலை அது கூட்டலாக்குகிறது. சூத்திரம் வேண்டுமானால்: வீச்சு விகிதத்தின் 10-அடிமான மடக்கையை 20-ஆல் பெருக்குங்கள், செறிவு விகிதமானால் 10-ஆல் பெருக்குங்கள். அன்றாட வேலைக்கு இவ்வளவு போதும்:

1 டெசிபல்: கவனித்துக் கேட்டால் மட்டும் தெரியும் வித்தியாசம்.
3 டெசிபல்: செறிவு 2 மடங்கு.
6 டெசிபல்: வீச்சு 2 மடங்கு, செறிவு 4 மடங்கு.
10 டெசிபல்: செறிவு 10 மடங்கு, உரப்பு ஏறத்தாழ 2 மடங்கு.
20 டெசிபல்: வீச்சு 10 மடங்கு, செறிவு 100 மடங்கு, உரப்பு ஏறத்தாழ 4 மடங்கு.

50 வாட் ஆம்ப்ளிஃபையரை மாற்றி 100 வாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல்தான். சத்தம் இரட்டிப்பாகக் கேட்க வேண்டுமென்றால் 500 வாட் வேண்டும். வாட் எண்ணைப் பார்த்து ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

புதியவர்கள் தடுமாறும் இன்னொரு இடம் பூஜ்யம். அறையின் சத்தத்தை அளக்கும் கருவியான ஒலிமானியில் 0 டெசிபல் என்றால் கேட்கும் திறனின் கீழ் எல்லை. அங்கே எண்கள் 40, 60, 85 என்று மேலே போகும். கணினிக்குள் 0 டெசிபல் என்றால் உச்ச வரம்பு. எண்கள் −6, −18, −40 என்று கீழே இறங்கும். இரண்டும் வெவ்வேறு பூஜ்யங்களிலிருந்து எண்ணப்படுகின்றன. கணினி −20 என்று காட்டினால் அறையில் எத்தனை டெசிபல் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அது ஆம்ப்ளிஃபையரையும் ஸ்பீக்கரையும் தூரத்தையும் பொறுத்தது. ஆனால் மாற்றம் இரண்டிலும் ஒன்றுதான்: கணினியில் 6 டெசிபல் குறைத்தால் அறையிலும் 6 டெசிபல் குறையும்.

உங்கள் ஸ்லைடர் எந்த வகை?

சதவீதத்தை வீச்சாக மாற்றுவதில் பரவலாக மூன்று முறைகள் உண்டு.

நேர்கோட்டு முறை: 50 என்றால் வீச்சை 0.5-ஆல் பெருக்கும். இணையப் பக்கங்களில் ஒலி, வீடியோ உறுப்புகளுக்கான வால்யூம் மதிப்பு இப்படித்தான் வேலை செய்கிறது. இணையதளத்தை எழுதியவர் தனியாக வளைவு எதையும் சேர்க்காவிட்டால், ஸ்லைடரின் நடுவில் கிடைப்பது −6 டெசிபல். உரப்பு முழுதில் சுமார் 66 சதவீதம். 10-க்கு இறக்கினாலும் −20 டெசிபல்தான், உரப்பு இன்னும் கால் பங்கு இருக்கும். 100-க்கும் 50-க்கும் இடையே பெரிதாக எதுவும் மாறாது. கீழ்க்கோடியில் சில புள்ளிகளுக்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடும். அதனால்தான் இத்தகைய ஸ்லைடர்கள் 3-க்கும் 6-க்கும் இடையே அலறுகின்றன.

முப்படி முறை: சதவீதத்தைப் பின்னமாக்கி, அதைத் தன்னாலேயே மூன்று முறை பெருக்கும். லினக்ஸில் ஒலியைக் கையாளும் பின்னணி நிரல்களான பல்ஸ்ஆடியோ, பைப்வயர் இரண்டும் இதையே பின்பற்றுகின்றன. 50 சதவீதத்தில் 0.5 × 0.5 × 0.5 = 0.125, அதாவது −18 டெசிபல். செறிவு 64-ல் ஒரு பங்கு, உரப்பு சுமார் 29 சதவீதம். 80-ல் வைத்தால் −5.8 டெசிபல். 10-ல் வைத்தால் −60 டெசிபல். செறிவு பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும், பெரும்பாலான அறைகளில் அது கேட்கவே கேட்காது.

விண்டோஸின் முதன்மை வால்யூம் இவற்றுக்கு இடைப்பட்ட ஒரு வளைவு. பல கணினிகளில் 50-ல் சுமார் −10 டெசிபல் வருகிறது. பாதியில் வைத்தால் உரப்பும் ஏறத்தாழ பாதி. ஒலி வன்பொருளும் அதன் டிரைவரும் சொல்லும் எல்லையைப் பொறுத்து இது மாறும் என்பதால் உங்கள் கணினியில் பார்த்துவிடுவதே சரி.

மூன்றில் எது நல்லது என்று கேட்டால், முழு கணினிக்கான வால்யூமுக்கு வளைவு உள்ள முறைகளே சரி. பழைய ரேடியோக்களின் வால்யூம் குமிழிலும் இதே ஏற்பாடுதான் இருந்தது: நடுவரை திருப்பினால் மின்தடை 10 முதல் 15 சதவீதம் மட்டும் மாறும்படி செய்திருப்பார்கள். நேர்கோட்டுப் பெருக்கல் ஒலிகளைக் கலக்கும் மென்பொருளின் உள்வேலைக்குப் பொருந்தும். மனிதர் கைவைக்கும் ஸ்லைடருக்கு அது பொருந்தாது.

டெசிபலைத் திரையில் பார்ப்பது

விண்டோஸ் 11-ல்: செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், பக்கத்தின் அடியில் "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்" என்பதைத் திறங்கள். பழைய சவுண்ட் பெட்டி வரும். ப்ளேபேக் தாவலில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்து ப்ராப்பர்ட்டீஸை அழுத்துங்கள். லெவல்ஸ் தாவலில் ஸ்லைடருக்கு அருகே எண் இருக்கும் பெட்டியின் மேல் வலது சொடுக்கு செய்தால் "டெசிபல்ஸ்" என்ற தேர்வு கிடைக்கும். அதைத் தேர்ந்தபின் ஸ்லைடரை 100, 75, 50, 25, 10 என்று நகர்த்தி, ஒவ்வொன்றிலும் வரும் டெசிபலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில்: பல்ஸ்ஆடியோ வால்யூம் கண்ட்ரோல் என்ற நிரலை நிறுவுங்கள். ஸ்லைடரின் பக்கத்திலேயே சதவீதமும் டெசிபலும் சேர்ந்து தெரியும். பைப்வயர் உள்ள கணினிகளிலும் இது வேலை செய்யும்.

மேக்கில்: அப்ளிகேஷன்ஸ் கோப்புறைக்குள் யுடிலிட்டீஸில் "ஆடியோ மிடி செட்டப்" இருக்கிறது. வெளியீட்டுச் சாதனத்தைத் தேர்ந்தால் ஸ்லைடருக்கு எதிரே டெசிபல் மதிப்பு வரும். வால்யூம் விசைகளை அழுத்தும்போது ஆப்ஷன், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு படி நான்கு பகுதிகளாகப் பிரிந்து நகரும். இரவில் ஹெட்போனில் கேட்பவர்களுக்கு இது மிகவும் உதவும்.

நீங்களே அளந்து பார்க்கும் முறை

திரையில் வரும் எண்ணை நம்பாமல் காற்றில் வரும் ஒலியை அளக்கலாம். கைபேசியில் ஓர் ஒலிமானிச் செயலியும் கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளும் போதும். கைபேசி காட்டும் எண் முழுச் சரியாக இருக்காது, ஆனால் வித்தியாசங்களை நன்றாகவே காட்டும். நமக்கு வேண்டியது வித்தியாசம்தான்.

1. ஆடாசிட்டியில் ஜெனரேட் பட்டியலில் நாய்ஸைத் தேர்ந்து, வகையில் "பிங்க்" வைத்து, வீச்சு 0.8-ல் 60 விநாடி உருவாக்குங்கள். ஒற்றைச் சுருதி வேண்டாம். அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஓரிடத்தில் கூடுதலாகவும் ஒரு சாண் தள்ளிக் குறைவாகவும் காட்டும். எல்லா அதிர்வெண்களும் கலந்த இரைச்சலில் இந்தத் தொல்லை குறைவு.

2. கைபேசியை நீங்கள் உட்காரும் இடத்தில், தலை இருக்கும் உயரத்தில், கையில் பிடிக்காமல் எதன்மீதாவது நிறுத்தி வையுங்கள். அதன் பிறகு நகர்த்தக் கூடாது. செயலியில் வேகம் "ஸ்லோ" என்றும் நிறையிடல் "ஏ" என்றும் வையுங்கள்.

3. ஒலி எதுவும் இல்லாமல் அறையின் இரைச்சலைக் குறித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். அளக்கப்போகும் ஒலி இந்த எண்ணைவிடக் குறைந்தது 10 டெசிபல் மேலே இருக்க வேண்டும். இரண்டும் சமமானால் ஒலிமானி 3 டெசிபல் கூட்டிக் காட்டும். 10 டெசிபல் இடைவெளி இருந்தால் பிழை அரை டெசிபலுக்கும் குறைவு.

4. கைபேசி நேர்மையாக அளக்கிறதா என்று சோதியுங்கள். இது மிக முக்கியம். இரைச்சலை ஒருமுறை வீச்சு 0.8-லும் மறுமுறை 0.4-லும் உருவாக்கி, கணினியின் வால்யூமைத் தொடாமல் ஓட்டுங்கள். எண் 6 டெசிபல் குறைய வேண்டும். 2 அல்லது 3 மட்டும் குறைந்தால், கைபேசி மெல்லிய ஒலியைத் தானாகப் பெருக்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் செயலியை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.

5. இனி கணினியின் வால்யூமை 100-லிருந்து தொடங்கி பத்துப் பத்தாகக் குறைத்து, ஒவ்வோரிடத்திலும் பத்து விநாடி காத்து எண்ணைக் குறியுங்கள். 100-ல் சத்தம் தாங்க முடியாததாக இருந்தால் ஸ்பீக்கரின் குமிழை முன்கூட்டியே குறைத்து வைத்துவிடுங்கள். நடுவில் அதைத் தொடக் கூடாது.

100-லும் 50-லும் கிடைத்த எண்களைக் கழியுங்கள். 6-க்கு அருகில் வந்தால் நேர்கோட்டு முறை, 10-க்கு அருகில் வந்தால் விண்டோஸ் போன்ற வளைவு, 18 வந்தால் முப்படி. 0 அல்லது 1 வந்தால் அந்த ஸ்லைடர் உங்கள் சாதனத்தைக் கட்டுப்படுத்தவே இல்லை. வேறு வெளியீட்டைத் தேர்ந்து வைத்திருக்கிறீர்கள்.

பல வால்யூம்கள் ஒரே வரிசையில்

ஒரு வீடியோவின் ஒலி காதுக்கு வரும்முன் நான்கு இடங்களில் கூடிக் குறையலாம்: வீடியோவின் ஸ்லைடர், அந்தச் செயலிக்கு இயங்குதளம் வைத்திருக்கும் தனி வால்யூம், முதன்மை வால்யூம், ஸ்பீக்கரின் குமிழ். டெசிபலில் இவை கூடிக்கொண்டே போகும். லினக்ஸ் கணினி ஒன்றில் வீடியோவின் நேர்கோட்டு ஸ்லைடர் 50, முதன்மை வால்யூம் 50 என்றால் −6-ம் −18-ம் சேர்ந்து −24 டெசிபல். உரப்பு முழுதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. இரண்டும் பாதிதானே என்று நினைப்பவர் ஸ்பீக்கர் பழுது என்று முடிவு கட்டிவிடுவார்.

வரிசையைச் சரி செய்யும் முறை:

முதலில் ஸ்பீக்கரின் குமிழை முழுதாகக் குறையுங்கள். வீடியோவின் ஸ்லைடரை 100-ல் வையுங்கள், செயலிக்கான தனி வால்யூமையும் 100-ல் வையுங்கள். முதன்மை வால்யூமை −6 முதல் −10 டெசிபல் அளவில் நிறுத்துங்கள். விண்டோஸில் பெரும்பாலும் 50-க்கும் 70-க்கும் இடையில், லினக்ஸில் 70-க்கும் 80-க்கும் இடையில் இது வரும். வழக்கமாகக் கேட்கும் ஒரு பாடலையோ பேச்சையோ ஓட்டிவிட்டு, ஸ்பீக்கரின் குமிழை மெல்ல ஏற்றி, வசதியான அளவு வந்ததும் நிறுத்துங்கள். அந்த இடத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிடுங்கள். இனி அன்றாட ஏற்ற இறக்கம் எல்லாம் முதன்மை வால்யூமில் மட்டும்.

எதற்கு இந்த வரிசை? ஆம்ப்ளிஃபையருக்கென்று ஓர் உள் இரைச்சல் உண்டு. கணினியை 5-ல் வைத்து ஆம்ப்ளிஃபையரை உச்சத்துக்குத் திருப்பினால் அந்த இரைச்சலும் உச்சத்துக்குப் போகும்; பாட்டுக்குப் பின்னால் "ஸ்ஸ்ஸ்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இன்னொரு காரணம் பிட்கள், அதாவது ஒலியின் ஒவ்வோர் எண்ணையும் எழுதக் கணினி பயன்படுத்தும் இரும இலக்கங்கள். 16 பிட் வெளியீட்டின் எல்லை சுமார் 96 டெசிபல். கணினிக்குள் 6 டெசிபல் குறைக்கும்போதெல்லாம் ஒரு பிட் வீணாகிறது. 60 டெசிபல் குறைத்தால் எஞ்சுவது 6 பிட், மெல்லிய பகுதிகளில் கரகரப்பு தெரியத் தொடங்கும். சாதனத்தின் அட்வான்ஸ்டு தாவலில் 24 பிட் கிடைத்தால் அதைத் தேர்ந்துவிடுங்கள். எல்லை கோட்பாட்டளவில் 144 டெசிபலாகும், இந்தக் கவலை போய்விடும்.

எது பழுதாகத் தெரிகிறது, ஏன்

100-க்கு மேல் கரகரப்பு. பல்ஸ்ஆடியோவில் 150 வரை ஏற்றலாம், அது சுமார் +10.6 டெசிபல். வீடியோ ஓட்டும் மென்பொருளான விஎல்சியின் ஸ்லைடர் 125 வரை போகும். ஆனால் கணினிக்குள் 0-க்கு மேல் எண்ணே கிடையாது. உச்சத்தைத் தாண்டும் அலைகளின் தலை தட்டையாக வெட்டப்படுகிறது, அதுவே கரகரப்பு. பதிவிலேயே ஒலி தாழ்வாக இருந்து, அதன் மிக உயர்ந்த இடம்கூட −12 டெசிபலைத் தாண்டாவிட்டால், 10 டெசிபல் ஏற்றுவதில் தவறில்லை. வகுப்பறைப் பதிவுகள், பழைய உரைகளுக்கு இது கைகொடுக்கும். இன்றைய திரைப்பாடல்களின் அலை ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்; அதை ஏற்றினால் வெட்டுத்தான் விழும்.

அழைப்பு வந்ததும் பாட்டு அடங்கிவிடுகிறது. விண்டோஸின் பழைய சவுண்ட் பெட்டியில் கம்யூனிகேஷன்ஸ் என்றொரு தாவல் உண்டு. பேச்சுச் செயலி ஒலியைப் பயன்படுத்தும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி அங்கே இயல்பாகவே அமைந்திருக்கும். "டு நத்திங்" என்பதைத் தேர்ந்தால் நின்றுவிடும். அழைப்பு முடிந்த பிறகும் ஒலி திரும்பாவிட்டால் அந்தச் செயலி பின்னணியில் இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு வீடியோ அலறுகிறது, அடுத்தது முணுமுணுக்கிறது. யூடியூப்பில் வீடியோவின் மேல் வலது சொடுக்கு செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" திறந்தால் வால்யூம் வரியில் விவரம் இருக்கும். "கன்டென்ட் லவுட்னஸ் 3.0" என்று இருந்தால் அந்த வீடியோ யூடியூப்பின் இலக்கைவிட 3 டெசிபல் உரத்தது என்று பொருள், வீச்சை 71 சதவீதமாகக் குறைத்து ஓட்டுகிறார்கள். எதிர்மறை எண் இருந்தால் வீடியோ தாழ்வாகப் பதிவாகியிருக்கிறது, நீங்கள்தான் ஏற்றிக்கொள்ள வேண்டும். விண்டோஸில் சில ஒலி டிரைவர்களோடு வரும் "லவுட்னஸ் ஈக்வலைசேஷன்" இந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும். பேச்சுக்கு அது நல்லது. இசைக்கு வேண்டாம், மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் உள்ள வேறுபாடே இசையின் உயிர், அதை அது தேய்த்துவிடும்.

ப்ளூடூத் ஹெட்போனில் வால்யூம் உச்சத்தில் இருந்தும் போதவில்லை. சில சாதனங்களில் கணினியின் வால்யூமும் ஹெட்போனின் வால்யூமும் ஒன்றாக நகரும், சிலவற்றில் தனித்தனி. ஹெட்போனில் உள்ள பொத்தானை அழுத்தும்போது திரையில் ஸ்லைடர் நகர்கிறதா என்று பாருங்கள். நகராவிட்டால் இரண்டும் தனி; ஹெட்போனை ஏற்றிவிட்டுக் கணினியில் கட்டுப்படுத்துங்கள்.

யுஎஸ்பி சாதனத்தில் 1-லேயே உரத்த சத்தம், அல்லது 60-க்குக் கீழே அமைதி. சாதனம் தன் டெசிபல் எல்லையை இயங்குதளத்துக்குத் தவறாகச் சொன்னால் இப்படி ஆகும். டிரைவரையோ சாதனத்தின் உள்நிரலையோ புதுப்பித்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் முதன்மை வால்யூமை நல்ல இடத்தில் நிறுத்திவிட்டு, செயலியின் வால்யூமில் சரிசெய்துகொள்வதே வழி.

வால்யூமைக் குறைத்தால் பேஸ் காணாமல் போவது

இது பழுதல்ல, காதின் இயல்பு. பெல் ஆய்வகங்களைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-ல் வெளியிட்ட வளைவுகள், எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு டெசிபல் இருந்தால் சமமாக உரக்கக் கேட்கும் என்பதைக் காட்டின. பிற்காலத்தில் திருத்தப்பட்ட சர்வதேசத் தர வளைவின்படி, 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலுக்கு நிகராகக் கேட்க 100 ஹெர்ட்ஸ் ஒலி சுமார் 64 டெசிபலில் இருக்க வேண்டும். 24 டெசிபல் இடைவெளி. 1000 ஹெர்ட்ஸ் 80 டெசிபலில் ஒலிக்கும்போது இந்த இடைவெளி ஏறத்தாழ பாதியாகச் சுருங்கிவிடும்.

ஆகவே நீங்கள் எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவு குறைத்தாலும் தாழ்ந்த ஒலிகள் முதலில் மறைகின்றன. மெல்லிய ஒலியில் கேட்பவர்கள் ஈக்வலைசரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 முதல் 6 டெசிபல் ஏற்றலாம். ஏற்றும்போது முன்பெருக்க ஸ்லைடரை அதே அளவு குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெட்டு விழும். வால்யூமை மீண்டும் உயர்த்தும்போது ஈக்வலைசரை அணைக்க மறக்க வேண்டாம்.

10 டெசிபலுக்கு உரப்பு பாதி என்ற விதியும் மிக மெல்லிய ஒலிகளில் நிற்காது. 40 டெசிபலுக்குக் கீழே உரப்பு அதைவிட வேகமாகச் சரியும்.

ஹெட்போனில் எவ்வளவு வைக்கலாம்

ஹெட்போனுக்கு மிகக் குறைந்த மின்திறனே போதும். பெட்டியில் "ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபல்" என்று போட்டிருந்தால், 80 டெசிபலுக்கு வேண்டியது ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. அதனால் கணினியில் ஹெட்போனைச் செருகும்போது ஸ்பீக்கருக்கு வைத்திருந்த எண்ணை அப்படியே விடாதீர்கள். முதலில் 10-க்கு இறக்கி, பிறகு ஏற்றுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் தரும் அளவு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் செறிவு இரட்டிப்பாவதால் நேரம் பாதியாகும்: 83-ல் 20 மணி, 86-ல் 10 மணி, 90-ல் 4 மணி. உரப்பில் 80-க்கும் 90-க்கும் இரண்டு மடங்குதான் வேறுபாடு தெரியும். செவிக்குள் போகும் ஆற்றலோ பத்து மடங்கு. சிறுவர்களுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல்தான்.

ஹெட்போனின் அளவை வீட்டிலேயே தோராயமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முன்பு உருவாக்கிய இரைச்சலை ஸ்பீக்கரில் ஓட்டி, உட்காரும் இடத்தில் ஒலிமானி 70 டெசிபல் காட்டும்படி வையுங்கள். அதே இரைச்சலை ஹெட்போனுக்கு மாற்றி, இரண்டும் சமமாகக் கேட்கும்வரை வால்யூமைச் சரிசெய்யுங்கள். மூன்று நான்கு முறை மாறி மாறிக் கேட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் திரையில் தெரியும் டெசிபலைக் குறித்துக்கொள்ளுங்கள், உதாரணமாக −32. அதிலிருந்து 10 கூட்டினால், அதாவது −22-ல், ஹெட்போனில் சுமார் 80 டெசிபல். சில டெசிபல் பிழை இருக்கும். குத்துமதிப்பாக வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஒன்றைக் கவனியுங்கள்: இந்தக் கணக்கு அந்த இரைச்சல் கோப்புக்கு மட்டுமே பொருந்தும். பாடலின் சராசரி ஒலியளவு அதைவிடக் கூடுதலாக இருந்தால் அவ்வளவு டெசிபலைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆடாசிட்டியின் அனலைஸ் பட்டியலில் உள்ள "மெஷர் ஆர்எம்எஸ்" இரண்டு கோப்புகளின் சராசரியையும் காட்டும்.

நிரல் எழுதுபவர்களுக்கு

உங்கள் விளையாட்டிலோ செயலியிலோ வால்யூம் ஸ்லைடர் வைக்கிறீர்கள் என்றால், ஸ்லைடரின் மதிப்பை அப்படியே ஒலி நூலகத்துக்கு அனுப்பாதீர்கள். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட அந்த மதிப்பை முதலில் முப்படியாக்கி அனுப்புங்கள். ஒரே வரி வேலை, பயனர் அனுபவம் வெகுவாக மாறும். ஆனால் இயங்குதளத்தின் முதன்மை வால்யூமை நேரடியாக நகர்த்தும் இடத்தில் இதைச் செய்யக் கூடாது. அங்கே ஏற்கெனவே வளைவு இருக்கிறது, வளைவின் மேல் வளைவு விழுந்தால் ஸ்லைடரின் கீழ்ப்பாதி முழுக்க அமைதியாகிவிடும்.

டெசிபலில் சீராக நகரும் ஸ்லைடர் வேண்டுமென்றால் −50 முதல் 0 வரை வைத்து, கீழ்க்கோடியில் மட்டும் வீச்சை 0 ஆக்குங்கள். டெசிபல் கணக்கில் முழு அமைதி என்பதற்கு எண் இல்லாததால் அதைத் தனியாகத்தான் கையாள வேண்டும். பயனர் ஸ்லைடரை இழுக்கும்போது புதிய மதிப்புக்கு ஒரே தாவலில் போகாமல் 10 முதல் 20 மில்லிவிநாடியில் படிப்படியாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு நகர்வுக்கும் "டிக், டிக்" என்று கேட்கும்.